அரிய புற்றுநோய்த் தரவை நாடுகள் ஒன்றாகச் சேர்ப்பதில் என்ன சிக்கல்?

உங்கள் கேள்வி இதுதான்: "அரிய புற்றுநோய்களுக்குச் சிகிச்சை கண்டுபிடிக்கப் போதுமான நோயாளிகள் இல்லை என்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் எல்லாமே கணினியில் இருக்கிறது. நாடுகள் எல்லாம் தங்களிடம் உள்ள விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் முடிந்ததே. எது தடுக்கிறது?"

பெரும்பாலானவர்கள் இதற்குச் 'சட்டம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். சட்டமும் ஒரு தடைதான், அதைப் பிறகு சொல்கிறேன். பல நாட்டுப் புற்றுநோய்ப் பதிவுகளை ஒன்றாக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் அனுபவம் வேறு. ஒரே விஷயத்தை எல்லோரும் ஒரே பொருளில் எழுதிவைக்காததுதான் மிகப் பெரிய தடை. அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். மூன்றும் எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் எண்ணிக்கை. ஐரோப்பாவில் ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை அரியது என்கிறார்கள். அமெரிக்காவில் அந்த எல்லை 15. ஐரோப்பியக் கணக்குப்படி இப்படிச் சுமார் 200 வகைகள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது. எல்லாவற்றையும் கூட்டினால், புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி மக்கள் உள்ள நாட்டில் ஆண்டுக்கு 10 பேர். அவர்களை வயது, நோய் பரவிய அளவு, மரபணு வகை என்று பிரித்தால் ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட 200 பேர் வேண்டுமென்றால், எல்லாப் பிரிவையும் சேர்த்தாலும் அந்த நாடு 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த இரண்டு சிகிச்சைகளுமே பழையதாகிவிடும். பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்தால் அது மருந்தின் பலனா தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே பல நாடுகள் சேர்வதைத் தவிர வேறு வழியே கிடையாது.

சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நியூரோபிளாஸ்டோமாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வளரும் நரம்புத் திசுவில் சின்னக் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் இது. இதன் நடத்தை விசித்திரமானது. சில கைக்குழந்தைகளுக்குச் சிகிச்சையே இல்லாமல் கட்டி தானாகக் கரைந்துவிடும். சற்றுப் பெரிய குழந்தைகளிடம் அதே நோய், கையில் இருக்கும் எல்லாச் சிகிச்சையையும் கொடுத்தாலும் உயிரை எடுத்துவிடும். எந்தக் குழந்தைக்குக் கடுமையான சிகிச்சை தேவை, எதற்குத் தேவையில்லை என்பதுதான் இங்கே உயிர்நாடியான கேள்வி. பல காலமாக 12 மாத வயதை எல்லைக்கோடாக வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வயதாகி, நோயும் பரவியிருந்தால் கடுமையான சிகிச்சை.

வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் ஆய்வுக் குழுக்கள் கூடி ஐஎன்ஆர்ஜி என்ற சர்வதேச இடர் வகைப்பாட்டுக் குழுவை உருவாக்கின. 1990 முதல் 2002 வரை நோய் கண்டறியப்பட்ட 8,800 குழந்தைகளின் விவரங்களை ஒரே அட்டவணையில் கொண்டுவந்தார்கள். 2009-ல் புதிய வகைப்பாடு வெளிவந்தது. வயது எல்லை 18 மாதத்துக்கு நகர்ந்தது. நோய் பரவியிருந்தாலும், எம்ஒய்சிஎன் என்ற மரபணு பெருகாமல், மற்ற உயிரியல் அடையாளங்களும் சாதகமாக இருந்தால், 12 முதல் 18 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகள் நன்றாகவே தேறுகிறார்கள் என்பது தெளிவாகியிருந்தது. அவர்களுக்கு அத்தனை கடுமையான சிகிச்சை வேண்டியதில்லை.

அந்த ஆறு மாத இடைவெளியைக் கவனியுங்கள். அந்த வயதில், அந்த மரபணு நிலையில், நோய் பரவிய நிலையில் வரும் குழந்தைகள் எந்த ஒரு நாட்டிலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். நாடுகள் சேர்ந்திருக்காவிட்டால் இந்த உண்மை இன்னும் பல ஆண்டுகள் உறுதியாகியிருக்காது. அதுவரை எத்தனையோ குழந்தைகள் தேவையில்லாத கீமோவின் பக்கவிளைவுகளை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பார்கள்.

இதே கதையில்தான் சொல் சிக்கலும் இருக்கிறது. பழைய நிலைப் பிரிப்பில், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பது அறுவை மருத்துவர் கட்டியை எவ்வளவு எடுத்தார் என்பதைப் பொறுத்திருந்தது. துணிந்து முழுவதையும் எடுப்பவரிடம் போன குழந்தை ஒரு நிலை. சோதனைக்காகப் பயாப்சி என்ற சின்னத் திசுத் துண்டை மட்டும் எடுத்து நிறுத்துபவரிடம் போன அதே மாதிரிக் குழந்தை இன்னொரு நிலை. இப்படி இருக்கையில் இரண்டு நாட்டு அட்டவணைகளைச் சேர்த்து என்ன பயன்? ஐஎன்ஆர்ஜி இதை மாற்றியது. அறுவைக்கு முன்பு எடுக்கும் ஸ்கேனில் கட்டி எந்தெந்த உறுப்புகளையும் ரத்தக்குழாய்களையும் சூழ்ந்திருக்கிறது என்பதை வைத்து நிலையைத் தீர்மானிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். யார் அறுத்தார் என்பது அதற்குப் பிறகு கணக்கில் வராது.

அட்டவணையில் கேட்க எளிமையாக இருக்கும் பத்திகளில்கூட இந்தச் சிக்கல் உண்டு. 'நோய் கண்டறிந்த தேதி' என்றால் என்ன? முதல் ஸ்கேன் எடுத்த நாளா, பயாப்சி செய்த நாளா, அறிக்கை கையெழுத்தான நாளா? மூன்றுக்கும் நடுவே பல வாரங்கள் ஓடியிருக்கலாம். நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா? வயது ஆண்டிலா மாதத்திலா? காலியாக விட்ட கட்டத்துக்குப் பூஜ்யம் என்று பொருளா, பரிசோதனையே செய்யவில்லை என்று பொருளா?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூட்டு ஆய்வில் ஒரு மையத்தின் நோயாளிகளுக்கு மட்டும் நோய் திரும்பி வருவது மற்ற எல்லா இடத்தையும்விட மிகக் குறைவாகத் தெரிந்தது. அவர்கள் கொடுத்த சிகிச்சை வரிசையில் ஏதோ சிறப்பு இருக்கிறது என்று நம்பி இரண்டு வாரம் அதையே தோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அங்கே பதிவு செய்யும் பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நோயாளி மறுபடி வரவே இல்லை என்றால் 'மறுநிகழ்வு இல்லை' என்றுதான் போடச் சொன்னார்கள்." 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் ஒரே கட்டத்தில் கிடந்தன. வராமல் போனவர்களில் பலர் இறந்திருக்கக் கூடும். அந்தத் தொலைபேசி அழைப்பு இல்லாவிட்டால் அந்தச் சிகிச்சையைப் பாராட்டி ஒரு கட்டுரையே வந்திருக்கும். அன்றிலிருந்து எந்தக் கூட்டு ஆய்விலும் பதிவு செய்பவர்களோடு பேசாமல் நான் கணக்கில் கை வைப்பதில்லை.

அதனால்தான் தரவைச் சேர்ப்பதற்கு முன் தரவு அகராதி ஒன்று தேவைப்படுகிறது. ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், என்னென்ன விடைகளை எழுதலாம், தெரியாவிட்டால் எப்படிக் குறிப்பது என்று பல நாட்டு மருத்துவர்களும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளும் பட்டியல் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஐஎன்ஆர்ஜி தரவைக் கொண்டு தொடங்கிய பணி, பிறகு மற்றக் குழந்தைப் புற்றுநோய்களுக்கும் விரிந்து குழந்தைப் புற்றுநோய்த் தரவுப் பொதுக்களமாக வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு நோய்க்கும் முதலில் நடப்பது இந்த அகராதிப் பேச்சுவார்த்தைதான். கட்டியை நோயியல் வல்லுநர்கள் மறுபடி பார்க்கும் வேலையும் இதோடு சேரும். அரிய கட்டிகளை அதிகம் பார்த்திராத ஒருவர் ஒரு பெயர் வைத்திருப்பார், அனுபவசாலி வேறு பெயர் சொல்வார். எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் சார்கோமா வகைப் புற்றுநோய்களில் இது அடிக்கடி நடக்கும். பெயரே தவறானால் மேலே செய்யும் கணக்கெல்லாம் வீண்.

பழைய பதிவுகளைச் சேர்ப்பது ஒரு வழி. புதிய சிகிச்சை ஆய்வையே பல நாடுகளில் ஒரே நேரத்தில், ஒரே விதிகளோடு நடத்துவது இன்னொரு வழி. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்கு யூராமோஸ்-1 என்ற ஆய்வு இப்படி நடந்தது. 2005 முதல் 2011 வரை 17 நாடுகளிலிருந்து 2,260 பேரைச் சேர்த்தார்கள். அறுவைக்கு முன் கொடுத்த கீமோவுக்குக் கட்டி சரியாக மசியாதவர்களுக்கு, ஐபோஸ்பமைடு, எட்டோபோசைடு என்ற இரண்டு மருந்துகளைக் கூடுதலாகக் கொடுத்தால் பலன் உண்டா என்பது கேள்வி. அந்தப் பிரிவில் ஒப்பீட்டுக்கு வந்தவர்கள் 618 பேர். விடை: பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது. இதைத் தோல்வி என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒப்பவே மாட்டேன். பல மருத்துவர்கள் நல்லெண்ணத்தில் அந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த விடையால் இளம் நோயாளிகள் தேவையில்லாத நஞ்சிலிருந்து தப்பினார்கள். 17 நாடுகள் சேராமல் இந்த விடை கிடைத்திருக்காது.

உறுப்பைப் பார்க்காமல் மரபணுவைப் பார்த்து நோயாளிகளைச் சேர்ப்பது அண்மைக் காலத்தில் வந்த மாற்றம். என்டிஆர்கே மரபணு இன்னொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்ளும் இணைவு பல உறுப்புகளின் புற்றுநோய்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இந்த இணைவைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில் ஏற்றது. அதற்கு அடிப்படை 55 நோயாளிகள், அவர்களிடம் 17 வகைக் கட்டிகள். நான்கு மாதக் குழந்தையும் அதில் உண்டு, 76 வயதுக்காரரும் உண்டு. முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஒரே மருத்துவமனையில் காத்திருந்தால் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்கவே முடியாது. அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் 2015-ல் தொடங்கிய ஜீனி திட்டம், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், நெதர்லாந்து நாடுகளின் எட்டு நிறுவனங்களோடு ஆரம்பித்து, நோயாளிகளின் மரபணு விவரங்களை ஒரே வடிவத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்கிறது. அரிய மரபணு மாற்றம் ஒன்றைக் கண்டவர், இது வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று இன்று சில நிமிடங்களில் தேடிப் பார்க்க முடிகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உடல்நல விவரமும் மரபணு விவரமும் அதில் தனிப் பாதுகாப்புப் பெற்றவை. பெயரை எடுத்துவிட்டு ஒரு குறியீட்டு எண் கொடுத்தாலும், அந்த எண்ணை வைத்து ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க வழி இருந்தால் அது தனிநபர் தரவுதான். அமெரிக்காவில் மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் ஹிப்பா விதிகளில் அடையாளம் காட்டும் 18 வகை விவரங்களை நீக்கிவிட்டால், கட்டுப்பாடு பெரும்பாலும் விலகிவிடும். ஆக, அட்லாண்டிக்கின் ஒரு கரையில் அடையாளமற்றதாகக் கருதப்படும் அதே அட்டவணை மறுகரையில் ஒரு மனிதரின் சொந்தத் தரவு. 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இரு தரப்புக்கும் இடையே இருந்த தரவு ஏற்பாட்டையே செல்லாது என்றது. 2023-ல் புதிய ஏற்பாடு வந்தாலும், அது வணிக நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இன்னும் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் கையெழுத்துகளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம்.

இந்தச் சட்டங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரிய நோயில் ஆபத்து உண்மையானது. நோய் அரிதாக இருப்பதே அங்கே பெயரைப் போல ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 17 வயதுப் பையன், இன்ன கல்லீரல் புற்றுநோய், இன்ன சின்ன நாடு, இன்ன ஆண்டு என்று ஒரு வரி இருந்தால், பெயரை நீக்கி என்ன பயன்? அவன் பள்ளியில் படித்த எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். அதனால் தேதிகளை நீக்கி, நோய் கண்டறிந்த நாளிலிருந்து எத்தனை நாள் என்று மாற்றுவார்கள். ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை மறைப்பதும், வயதை ஒன்று முதல் நான்கு என்பதுபோலத் தொகுத்துக் கொடுப்பதும் உண்டு.

இங்கேதான் எனக்கு மனம் பதறும். மேலே சொன்ன 18 மாத எல்லையை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்காக வயதை 'ஒன்று முதல் நான்கு' என்று தொகுத்திருந்தால் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. எதை மறைக்கிறோமோ அதிலேயே விடை இருக்கக் கூடும். எவ்வளவு மறைப்பது என்பதை நோயை அறிந்தவரும் சட்டம் அறிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஆய்வுக்கும் தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

தரவை நகர்த்தாமலே ஆய்வு செய்யும் முறையும் இப்போது வந்திருக்கிறது. பெடரேட்டட் முறை என்பார்கள். நோயாளி விவரம் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், கேள்விதான் ஒவ்வோர் இடமாகப் போகும், கணக்கின் விடை மட்டும் திரும்பி வரும். நெதர்லாந்தின் புற்றுநோய்ப் பதிவேடும் தைவானின் பதிவேடும் வாய்ப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வை இப்படிச் செய்தன. ஒரு நோயாளியின் வரிகூட எல்லை தாண்டவில்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியின் எல்லையை எம்ஆர்ஐ படத்தில் கணினி தானாக வரைய, ஆறு கண்டங்களில் 71 இடங்களிலிருந்து 6,314 நோயாளிகளின் படங்களில் இதே முறையில் பயிற்சி கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. பொதுவில் கிடைக்கும் படங்களில் மட்டும் பயின்ற மாதிரியைவிட, அறுவைக்கு உரிய கட்டிப் பகுதியைக் குறிப்பதில் 33 சதவீதம் முன்னேற்றம்.

இது எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நினைக்கும் நண்பர்களுக்கு நான் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். வரிகளை நேரில் பார்க்க முடியாதபோது தவறுகளும் கண்ணுக்குத் தெரியாது. என் 'மறுநிகழ்வு இல்லை' தவறு இந்த முறையில் மாட்டியிருக்கவே வாய்ப்பு குறைவு. ஆக, இதற்குத் தரவு அகராதி இன்னும் கறாராக இருக்க வேண்டும். அப்புறம், ஒரு மருத்துவமனையில் இரண்டே நோயாளிகள் என்றால் அங்கிருந்து வரும் 'சராசரி'யே அந்த இருவரைக் காட்டிக் கொடுத்துவிடும். மிக மிக அரிய நோய்களுக்கு, கண்டிப்பான அனுமதிக் குழுவின் கையில் இருக்கும் ஒரே மையக் களஞ்சியம்தான் நல்லது என்பது என் கருத்து. எண்ணிக்கை அதிகமுள்ள நோய்களுக்கு பெடரேட்டட் முறை பொருத்தம்.

யாருடைய தரவு சேர்கிறது என்பதையும் விட்டுவிட முடியாது. ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுநோய். கண்ணின் கருமணியில் தெரியும் வெள்ளை ஒளிர்வுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. 2017-ல் சிகிச்சைக்கு வந்த புதிய நோயாளிகள் 4,351 பேரின் விவரம் 153 நாடுகளிலிருந்து திரட்டப்பட்டது. செல்வ நாடுகளில் நோய் கண்டறியும்போது குழந்தையின் இடைநிலை வயது 14.1 மாதம். மிக ஏழை நாடுகளில் 30.5 மாதம். செல்வ நாடுகளில் 1.5 சதவீதம் பேருக்குத்தான் நோய் கண்ணைத் தாண்டியிருந்தது. ஏழை நாடுகளில் 49.1 சதவீதம். ஆய்வகத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, எங்கே உயிர் போகிறது என்று இந்த எண்கள் காட்டிவிட்டன. வசதியான நாடுகளின் பதிவுகளை மட்டும் சேர்த்திருந்தால், இந்த நோய் கிட்டத்தட்ட வென்றுவிட்ட நோய் என்றே உலகம் நினைத்திருக்கும்.

இந்த மாதிரி நாடுகளிலிருந்து தரவு வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்கும் உரிமையையும் கட்டுரையில் பெயரையும் வேறொருவர் வைத்துக்கொண்டால், அடுத்த முறை தரவு வராது. வரக் கூடாது என்றும் சொல்வேன். தரவு கொடுத்த ஒவ்வொரு குழுவுக்கும் அனுமதிக் குழுவில் ஓர் இடம், தானே ஆய்வு முன்மொழியும் உரிமை, பதிவு செய்பவரின் சம்பளத்துக்கு ஒரு தொகை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நிதி கொடுப்பவர்கள் சர்வருக்குத் தாராளமாகப் பணம் தருகிறார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, "எப்படி இருக்கிறார்?" என்று விசாரித்து எழுதுபவருக்குச் சம்பளம் தர யோசிக்கிறார்கள். உயிருள்ள தரவு அவரிடமிருந்துதான் வருகிறது.

நோயாளிகளோ பெரும்பாலும் எங்களைவிட வேகமாக இருக்கிறார்கள். ஆஞ்சியோசார்கோமா என்ற ரத்தநாளப் புற்றுநோய்க்கு 2017-ல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டத்தில், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நோயாளிகள் இணையம் வழியாகத் தாங்களே பதிந்தார்கள். 18 மாதங்களில் 338 பேர். தலை, முகம், கழுத்துப் பகுதியில் வரும் கட்டிகளில் வெயிலால் உண்டான மரபணுச் சேதம் மிகுந்திருப்பது அதில் தெரியவந்தது. நோயெதிர்ப்புச் சிகிச்சை அவர்களுக்கு உதவக் கூடும் என்ற வழியும் திறந்தது. இளவயதினருக்கு வரும் பைப்ரோலாமெல்லர் என்ற கல்லீரல் புற்றுநோயில், சோதித்த 15 கட்டிகளிலும் ஒரே மரபணு இணைவு இருப்பதை 2014-ல் வெளியிட்ட குழுவில், அந்த நோயிலிருந்து மீண்ட ஓர் இளம்பெண்ணும் ஆய்வாளராக இருந்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நோய் இருந்து அதனால்தான் கேட்டீர்கள் என்றால், மருத்துவரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இந்த நோய்க்குச் சர்வதேசப் பதிவேடு இருக்கிறதா, அதில் இந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா? பயாப்சித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? நோயியல் அறிக்கையின் நகல் கிடைக்குமா? கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில், எதிர்கால ஆய்வுக்கும் பிற நாட்டு ஆய்வாளர்களுக்கும் தரவைத் தருவது பற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், உங்களுக்குச் சம்மதமானால், அதைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இருபது ஆண்டு பழைய படிவங்களில் அந்த ஒரு வரி இல்லாததால், நோயாளியும் இறந்து, கேட்க யாரும் இல்லாமல், பூட்டியே கிடக்கும் பதிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.